அரபிக்கடல் விடும் மூச்சு

மனிதர் காற்றில் சேர்க்கும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது. பருவநிலை பற்றிய பேச்சில் கடலுக்கு இருக்கும் நல்ல பெயர் பெரும்பாலும் இதனால் வந்தது. வாங்குகிற கடல் கொடுக்கவும் செய்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடல் வெளியே விடும் வாயுக்களில் தனியாகக் கவனிக்க வேண்டியது நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் ‘சிரிப்பு வாயு’தான் இது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாகப் புவியைச் சூடாக்கும் என்கிறது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை. காற்றில் கலந்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிக்கு 270 பங்காக இருந்தது, 2023இல் 336.9 பங்காகிவிட்டது. போதாக்குறைக்கு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. சிஎஃப்சி வாயுக்கள் கட்டுக்குள் வந்துவிட்ட நிலையில், இந்த நூற்றாண்டில் ஓசோனுக்கு அதிகக் கேடு செய்யப்போகும் வெளியேற்றம் இதுதான் என்று ஏ. ஆர். ரவிசங்கராவும் சக ஆய்வாளர்களும் 2009இல் எடுத்துக்காட்டினர்.

மனிதரால் வரும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு முதல் காரணம் வயலில் இடும் உரம். இயற்கையாக வருவதில் மண்ணுக்கு அடுத்த இடம் கடலுக்கு. 2020இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான உலகக் கணக்கின்படி, எல்லா வழிகளிலும் ஆண்டுக்குச் சுமார் 170 லட்சம் டன் (நைட்ரஜன் எடையில்) காற்றில் சேர்கிறது. அதில் கடல் தருவது 34 லட்சம் டன். இதைக் கடல் முழுவதும் சமமாகத் தருவதில்லை. பெரும்பாலான இடங்களில் நீரும் காற்றும் ஏறக்குறையச் சமநிலையில் இருக்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்துபோன நீர் இருக்கும் சில இடங்களில்தான் உற்பத்தி மும்முரமாக நடக்கிறது. திறந்த கடலில் அப்படிப்பட்ட பெரிய இடங்கள் மூன்று. இரண்டு, கிழக்குப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ளன. மூன்றாவது அரபிக்கடல்.

அரபிக்கடலின் வாயுக் கணக்கை உலக அறிவியலின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் எஸ். டபிள்யூ. ஏ. நக்வி. கோவாவின் டோனா பாலாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் கடல் வேதியியலாளர். பின்னாளில் அதன் இயக்குநராகவும் இருந்தார். புவி அறிவியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதை 1996இல் பெற்றவர். நைட்ரஸ் ஆக்சைடு உண்டாவதும் அழிவதும் ஆக்சிஜன் ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் இடைப்பட்ட மெல்லிய விளிம்பில் தீர்மானமாகிறது என்பதே அவரது முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வேலையின் சாரம் எனலாம். அந்த விளிம்பு நகர்ந்தால் கணக்கே மாறிவிடும்.

வடக்கே வாசல் இல்லாத கடல்

பசிபிக்கும் அட்லாண்டிக்கும் துருவப் பகுதிவரை நீண்டு கிடக்கின்றன. அரபிக்கடலோ வடக்கே சுமார் 25 பாகையிலேயே நிலத்தில் முட்டி நின்றுவிடுகிறது. துருவக் குளிரில் ஆக்சிஜனை நிறைய வாங்கிக்கொண்டு கீழே இறங்கும் நீர் இங்கே உருவாக வழியில்லை. நடு ஆழத்துக்கு வரும் நீரில் பெரும்பகுதி தெற்கிலிருந்து நெடுந்தூரம் நகர்ந்து, வழியிலேயே ஆக்சிஜனில் பெரும்பங்கை இழந்து வந்து சேர்வது.

வரவு இப்படி என்றால் செலவு அதைவிட மோசம். தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளில் மேல்நீரைத் தள்ளிக்கொண்டுபோக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலெழுகிறது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று வடபகுதியின் மேல்நீரைக் குளிர்வித்துக் கீழ்நீரோடு கலக்கிறது. ஆண்டுக்கு இருமுறை சத்து மேலே வருவதால் நுண்தாவர மிதவைகள் இருமுறை செழிக்கின்றன. அவை மடிந்து மூழ்கும்போது, அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. விளைவாக, சுமார் 150 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன் ஏறக்குறைய அற்றுப்போன ஒரு தடித்த அடுக்கு நிலையாக நிற்கிறது.

ஆக்சிஜன் தீர்ந்தால் பாக்டீரியாக்களின் வேலை நின்றுவிடுவதில்லை. அடுத்ததாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கத் தொடங்குகின்றன. நைட்ரேட் முதலில் நைட்ரைட்டாகிறது, பிறகு நைட்ரிக் ஆக்சைடு, பிறகு நைட்ரஸ் ஆக்சைடு, கடைசியில் யாருக்கும் தொந்தரவில்லாத நைட்ரஜன் வாயு. அரபிக்கடலில் இந்த நைட்ரேட் இழப்பு நடப்பதை 1970களிலேயே ஆர். சென் குப்தா உள்ளிட்ட கோவா ஆய்வாளர்கள் கண்டிருந்தனர். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்கும் கடைசி நொதிதான் இருப்பதிலேயே தொட்டாற்சிணுங்கி. ஆக்சிஜன் சிறிது எட்டிப்பார்த்தாலும் அது முடங்கிவிடும். அப்போது முந்தைய படிகள் தொடர, கடைசிப் படி நிற்க, நைட்ரஸ் ஆக்சைடு குவிகிறது. ஆக்சிஜன் உள்ள நீரில் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகளும் இந்த வாயுவைப் பக்கவிளைவாக விடுகின்றன; ஆக்சிஜன் குறையக் குறைய அந்தக் கசிவும் கூடும்.

அரபிக்கடலின் நடுவே மேலிருந்து கீழாக மாதிரி எடுத்து வரைபடம் போட்டால் இதை அப்படியே பார்க்கலாம். நைட்ரஸ் ஆக்சைடு ஆழத்தில் ஏறி ஒரு சிகரத்தைத் தொடும். ஆக்சிஜன் அறவே இல்லாத மையத்தில் சரிந்து விழும். அதைத் தாண்டிக் கீழே மறுபடி ஒரு சிகரம். இரண்டு சிகரங்களும் ஆக்சிஜனற்ற அடுக்கின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் நிற்கின்றன. நடுவிலோ நைட்ரஸ் ஆக்சைடு உண்ணப்பட்டுவிடுகிறது. ஒரே கடல், சில நூறு மீட்டர் இடைவெளியில், இந்த வாயுவின் ஆலையாகவும் சுடுகாடாகவும் இருக்கிறது. நக்வியும் ஆர். ஜே. நொரோன்ஹாவும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் படத்தை விரிவாகத் தந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கிளிஃப் லாவும் நிக் ஓவன்ஸும் வடமேற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு நைட்ரஸ் ஆக்சைடு காற்றில் கலக்கிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதியிருந்தனர்.

வெள்ளையா, பழுப்பா?

லிட்டருக்குச் சில நானோமோல் அளவே இருக்கும் ஒரு வாயுவைக் கடல்நீரில் அளப்பது பொறுமை கேட்கும் வேலை. கப்பலிலிருந்து இறக்கப்படும் சட்டத்தில் உருளைப் புட்டிகள் வட்டமாக மாட்டப்பட்டிருக்கும். வேண்டிய ஆழத்தில் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். மேலே வந்ததும் முதலில் எடுப்பது வாயுக்களுக்கான மாதிரி. ரப்பர் குழாயைக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை விட்டு, நீரை வழியவிட்டு, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். ஒரு குமிழி இருந்தாலும் காற்றிலுள்ள வாயு உள்ளே வந்து கணக்கைக் கெடுத்துவிடும். உள்ளேயிருக்கும் நுண்ணுயிரிகள் தம் வேலையைத் தொடராதபடி மெர்க்குரிக் குளோரைடு சில சொட்டு விட்டு இறுக மூடுவார்கள். ஆய்வகத்தில் மந்த வாயுவைக் கொண்டு கரைந்த வாயுக்களை வெளியே வரச்செய்து, குரோமட்டோகிராஃப் கருவியில் பிரித்து, நிக்கல்-63 கதிரியக்கத் தகடு பொருத்திய உணரியால் நைட்ரஸ் ஆக்சைடை அளப்பார்கள்.

ஆக்சிஜனுக்கு இன்னொரு புட்டி. விங்க்ளர் முறை நூறாண்டுக்கு மேல் பழையது, இன்றும் கைவிடப்படாதது. மாங்கனீசு உப்புக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டால் வீழ்படிவு உருவாகும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பு. இல்லையென்றால் பால்போல் வெள்ளை. டைட்ரேஷனுக்குப் போகுமுன்பே, கப்பல் தளத்தில் நிற்பவருக்கு நீரின் கதை தெரிந்துவிடும். மேற்குக் கரையோர ஆய்வுகளில் இதற்கும் முன்னால் மூக்கு சொல்லிவிடுவதுண்டு: புட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு.

நீரில் உள்ள அளவு தெரிந்தால் காற்றில் எவ்வளவு கலக்கிறது என்று கணிக்கலாம். ஆனால் கணிப்பு காற்றின் வேகத்தையும், அந்த வேகத்தை வாயுப் பரிமாற்றமாக மாற்றும் சூத்திரத்தையும் பொறுத்தது. சூத்திரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 1977 டிசம்பர் முதல் 1997 ஜூலை வரை எடுக்கப்பட்ட 2,400க்கும் மேற்பட்ட அளவீடுகளைத் திரட்டி, ஜெர்மனியின் ஹெர்மன் பாங்கேயும் நக்வி உள்ளிட்ட பலரும் 2001இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அரபிக்கடல் ஆண்டுக்கு 3.3 லட்சம் முதல் 7 லட்சம் டன் வரை நைட்ரஸ் ஆக்சைடைக் காற்றில் விடுகிறது என்று வந்தது. இரு எல்லைகளுக்கும் நடுவே இரு மடங்கு வித்தியாசம். கடல் வாயு ஆய்வில் இது நல்ல துல்லியம் என்றே சொல்ல வேண்டும். கரையோரத்தில், குறிப்பாக வடக்கிலும் கிழக்கிலும், தரவு போதாது என்று அந்த ஆய்வே ஒப்புக்கொண்டது. கிழக்கு என்றால் இந்தியாவின் மேற்குக் கரை. அடுத்த அதிர்ச்சி வந்ததும் அங்கிருந்துதான்.

கரையோரத்து ஆக்சிஜன் பஞ்சம்

கோவாவின் காண்டோலிம் கடற்கரைக்கு அப்பால், சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், முப்பது மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் ஓர் இடத்தைக் குறித்து, 1997 முதல் தேசியக் கடலியல் நிறுவனம் தொடர்ந்து மாதிரி எடுத்துவருகிறது. ஆய்வுலகில் அதற்கு ‘காண்டோலிம் காலத்தொடர்’ என்று பெயர். பெரிய கப்பல் பயணங்களுக்குக் கிடைக்கும் பெயர் இப்படிப்பட்ட வேலைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளை ஒப்பிட வேறு வழி கிடையாது.

அங்கே ஆண்டுதோறும் நடப்பது இது. தென்மேற்குப் பருவம் தொடங்கும்போது ஆக்சிஜன் குறைந்த கீழ்நீர் கண்டத்திட்டின் மேல் ஏறிவருகிறது. அதே சமயம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கரையிலும் கொட்டும் மழையின் நன்னீர், கடலின் மேல் பத்து மீட்டருக்கும் குறைவான தடிமனில் மூடிபோல் படிகிறது. லேசான நன்னீரும் கனத்த உப்புநீரும் எளிதில் கலப்பதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜன் கீழே இறங்க வழி அடைபடுகிறது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31இல் முடிந்து படகுகள் கடலுக்குள் இறங்கும் நேரத்தில், அடிநீரில் நைட்ரேட் இழப்பு தொடங்கியிருக்கும். செப்டம்பர் வாக்கில் நைட்ரேட்டும் தீர்ந்து, பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டுக்கு மாறிவிடும். அப்போதுதான் அந்த அழுகிய முட்டை வாடை. அடிமட்டத்து மீன்கள் இடம்பெயர்ந்துவிடும். ஆண்டின் கடைசியில் நீரோட்டம் திசை மாறியதும் எல்லாம் சரியாகும்.

1999இன் பருவமழைக் கடைசியில் இந்தப் பஞ்சம் கடுமையாக வந்தது. அந்த அளவீடுகளை வைத்து நக்வியும் குழுவினரும் 2000 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் இந்திய ஆய்வுகளில் ஒன்று. இயற்கையாக உருவாகும் கரையோர ஆக்சிஜன் பஞ்சப் பகுதிகளில் உலகிலேயே பெரியது இந்த மேற்குக் கரைப் பகுதி. பரப்பு ஏறத்தாழ 1,80,000 சதுர கிலோமீட்டர். திறந்த கரையோர நீரில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக அதிக ஹைட்ரஜன் சல்ஃபைடையும் நைட்ரஸ் ஆக்சைடையும் அங்கே கண்டார்கள். காற்றோடு சமநிலையில் உள்ள வெப்பமண்டலக் கடல்நீரில் லிட்டருக்கு ஆறு நானோமோல் போல இருக்க வேண்டிய நைட்ரஸ் ஆக்சைடு, அங்கே நூற்றுக்கணக்கில் எகிறியிருந்தது.

நடுக்கடலில் ஆக்சிஜன் அற்ற மையத்தில் நைட்ரஸ் ஆக்சைடு உண்ணப்படுகிறது என்றால், இங்கே ஏன் குவிகிறது? ஆழம் குறைவு என்பதே விடையாகக் கருதப்படுகிறது. ஆழ்கடலின் அடுக்கு ஆண்டு முழுதும் அசையாமல் இருக்கிறது. இருபது, முப்பது மீட்டர் நீரிலோ காற்றும் அலையும் அவ்வப்போது ஆக்சிஜனைக் கலக்கிவிடுகின்றன. ஒவ்வொரு கலக்கலிலும் அந்தக் கடைசி நொதி முடங்குகிறது, வாயு தேங்குகிறது. மேலும் இங்கே உற்பத்தியாவது காற்றிலிருந்து சில மீட்டர் தூரத்தில். ஆழ்கடல் சிகரங்களைப்போல் மேலே வருவதற்குள் கரைந்துபோக நேரமில்லை.

கட்டுரையின் சர்ச்சைக்குரிய பகுதி, காரணம் பற்றியது. 1970களின் தொடக்கத்தில் கொச்சியை மையமாகக் கொண்டு நடந்த மீன்வள ஆய்வுகளின் பழைய தரவோடு ஒப்பிட்டு, பஞ்சம் தீவிரமாகியிருக்கிறது என்றார்கள். நிலத்திலிருந்து ஆறுகள் வழியாகவும் காற்று வழியாகவும் வந்து சேரும் உர நைட்ரஜன் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களது கருத்து.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆக்சிஜன் குறைந்த நீர் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1959இலேயே கார்ல் பான்சே கொச்சிக்கு அப்பால் கீழ்நீர் மேலேறுவதையும் அதனால் அடிமட்ட இழுவலை மீன்பிடிப்பு பாதிக்கப்படுவதையும் எழுதினார். அதே ஆண்டு மும்பைக்கு அப்பால் ஆக்சிஜன் குறைந்த அடுக்கு கரைநோக்கி ஏறிவருவதை வேறொரு குழு பதிவு செய்தது. பிற்காலத்தில் கேரளக் கரையில் விரிவாக அளந்த ஆய்வாளர்கள், அங்கே நடப்பது பெரிதும் இயற்கையான மேலெழுச்சியின் விளைவே என்று வாதிட்டனர். பழைய தரவுக்கும் புதிய தரவுக்கும் நடுவே இடைவெளி நீளம், ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கமும் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மனிதரின் பங்கு இத்தனை என்று அடித்துச் சொல்லும் தெம்பு இன்றைய தரவுக்கு இல்லை என்பதே நியாயமான முடிவு. நக்வியின் கட்டுரையும் ‘அநேகமாக’ என்ற எச்சரிக்கையோடுதான் அதைச் சொன்னது. செய்திகளில் அந்தச் சொல் காணாமல் போய்விட்டது.

ஆண்டுக்காண்டு வரும் ஏற்ற இறக்கத்துக்கு 2017இல் ஒரு நல்ல விளக்கம் கிடைத்தது. இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வு நேர்மறையாக இருக்கும் ஆண்டுகளில், அதாவது அந்தப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகவும் கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருக்கும் ஆண்டுகளில், மேற்குக் கரையில் முழு ஆக்சிஜனின்மை வருவதில்லை என்று பார்வதி வல்லிவட்டத்திலமும் குழுவினரும் காட்டினர். இந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டி அப்போது மாறும் காற்று, கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே நகரும் ஓர் அலையைக் கிளப்பிவிடுகிறது. அது மேற்குக் கரையோரத்தில் ஆக்சிஜன் குறைந்த அடுக்கைக் கீழே தள்ளிவைக்கிறது. 1997 அப்படிப்பட்ட ஆண்டு. குமரி முனைக்குத் தெற்கே வீசும் காற்று கோவாவின் கடலடியில் மீன் தங்குமா தங்காதா என்று முடிவு செய்கிறது.

மற்ற இரண்டு வாயுக்கள்

கார்பன் டை ஆக்சைடு விஷயத்திலும் அரபிக்கடல் பொது விதிக்கு விலக்கு. கீழே பாக்டீரியாக்கள் சுவாசித்து விட்ட கார்பன் டை ஆக்சைடு மேலெழும் நீரோடு வந்துவிடுவதால், இந்தக் கடலின் மத்திய, கிழக்குப் பகுதிகள் ஆண்டு முழுவதும் அந்த வாயுவைக் காற்றுக்குக் கொடுக்கின்றன. வி. வி. எஸ். எஸ். சர்மா, எம். திலீப் குமார், எம். டி. ஜார்ஜ் ஆகியோர் 1998இல் இதை நிறுவினர். மீத்தேனில் பெரிய ஆச்சரியம் இல்லை. கடல்நீரில் சல்ஃபேட் தாராளமாக இருப்பதால் சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் மீத்தேன் நுண்ணுயிரிகளை உணவுப் போட்டியில் முந்திவிடும். சேற்றில் உருவாகும் மீத்தேனில் பெரும்பகுதியும் மேலே வருமுன் அழிந்துவிடும்.

கடலை வாயு உறிஞ்சியாக மாற்றும் யோசனையையும் நக்வி சோதித்துப் பார்த்திருக்கிறார். 2009இன் தொடக்கத்தில் ‘லோஹாஃபெக்ஸ்’ என்ற இந்திய-ஜெர்மானியச் சோதனையில், விக்டர் ஸ்மெடாசெக்குடன் கூட்டுத் தலைமையேற்று, ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பலில் தென் அட்லாண்டிக் போனார். 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்ஃபேட்டைக் கரைத்துவிட்டு மிதவைத் தாவரங்கள் பெருகி கார்பனை இழுக்கின்றனவா என்று பார்ப்பது நோக்கம். ஜெர்மனியில் சுற்றுச்சூழல் எதிர்ப்பு கிளம்பி, சோதனை சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது. கடைசியில் நடந்தபோது முடிவு சப்பென்றிருந்தது. ஓடு கட்டும் டயாட்டம்கள் வளர அந்த நீரில் சிலிக்கா போதவில்லை. வளர்ந்த மற்றவற்றை நுண்ணிய இறால் வகைகள் தின்று தீர்த்தன. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் மிகக் கொஞ்சம். இரும்பைக் கொட்டிப் புவியைக் குளிர்விக்கலாம் என்ற வணிக ஆசைகளுக்கு இந்தத் தோல்வி பயனுள்ள பதில்.

வங்கக்கடலின் மிச்சம்

பக்கத்திலேயே இருக்கும் வங்கக்கடலும் வடக்கே மூடியதுதான். அங்கும் ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு உண்டு. ஆனால் நைட்ரேட் இழப்பு பெரிதாக நடப்பதில்லை, நைட்ரஸ் ஆக்சைடும் அரபிக்கடல் அளவுக்கு வருவதில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் மற்ற ஆறுகளும் கொட்டும் நன்னீர் மேலே படிந்து சத்து மேலெழுவதைத் தடுப்பதும், ஆற்று வண்டலோடு ஒட்டிக்கொண்டு உயிர்க்கழிவுகள் விரைவாக மூழ்கிவிடுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டுவந்தன.

லாரா பிரிஸ்டோவும் நக்வி உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2017இல் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அடியில் இருந்த ரகசியத்தைத் தொட்டது. விங்க்ளர் முறையால் காண முடியாத அளவையும் காணும் புதுவகை ஆக்சிஜன் உணரிகளை இறக்கிப் பார்த்தபோது, வங்கக்கடலின் அந்த அடுக்கில் லிட்டருக்கு 10 முதல் 200 நானோமோல் வரை ஆக்சிஜன் மிச்சமிருந்தது. பத்து நானோமோல் என்பது சாதாரண மேல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி ஆக்சிஜன் இருக்கும்வரை நைட்ரைட்டைத் திரும்ப நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகள் பிழைத்திருக்கின்றன. நைட்ரஜனாக்கும் கூட்டத்துக்குத் தேவையான நைட்ரைட் கிடைப்பதில்லை. அந்த மிச்சமும் தீர்ந்தால், அரபிக்கடலில் நடப்பது வங்கக்கடலிலும் தொடங்கும்.

அரபிக்கடல் பக்கம், ஓமன் வளைகுடாவில் ஓட்டுநரில்லாத நீர்மூழ்கிக் கருவிகளை விட்டு அளந்த பாஸ்டியன் கெஸ்ட் குழு, ஆக்சிஜனற்ற நீர் பழைய பதிவுகளைவிட விரிந்திருக்கிறது என்று 2018இல் தெரிவித்தது. வங்கக்கடலில் அதுபோன்ற ஒப்பீட்டுக்கு நானோமோல் அளவிலான பழைய தரவு எதுவும் கிடையாது, ஏனெனில் அப்படி அளக்கும் உணரியே 2000களின் பிற்பகுதியில்தான் வந்தது.